ஒரு மாநிலத்துக் கண்மாய்கள், ஒரு கைபேசித் திரை

தமிழ்நாட்டு ஏரி, குளம், கண்மாய்களை இணைய வரைபடத்தில் ஏற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது ஒன்றுதான்: "எல்லாப் புள்ளியும் தெரியணும் சார்." இந்த வேலையில் இருக்கும் இத்தனை வருஷத்தில் அந்தக் கோரிக்கை மட்டும் மாறியதில்லை. அப்போதெல்லாம் நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

மாநிலத்தில் பாசன ஏரிகள் 39,000-க்கும் மேல். மாநிலத்தின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். இணைய வரைபடத்தில் ஜூம் 0 என்றால் உலகம் முழுவதும் 256 பிக்சல் பக்கமுள்ள ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு ஜூம் ஏறும்போதும் அகலம் இரட்டிப்பாகும். தமிழ்நாடு முழுவதும் ஒரு கைபேசித் திரையில் ஏறக்குறைய அடங்குவது ஜூம் 7-இல். அங்கே நம் அட்சரேகையில் ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 1.2 கிலோமீட்டர். ஆக, தமிழ்நாடு மொத்தமும் கிட்டத்தட்ட 90,000 பிக்சல்தான். லீஃப்லெட் என்ற நிரலகத்தோடு வரும் நீல நிற மார்க்கர் 25 பிக்சல் அகலம், 41 பிக்சல் உயரம். அந்த ஒரு மார்க்கருக்கே 1,025 பிக்சல் இடம் வேண்டும். 39,000 மார்க்கருக்கு 4 கோடி பிக்சல். இருப்பதோ 90,000. அதாவது ஒன்றின்மேல் ஒன்றாகச் சராசரியாக 400 அடுக்குக்கு மேல் ஏறும். "எல்லாப் புள்ளியும்" கேட்டவருக்குக் கிடைக்கப்போவது தமிழ்நாடு வடிவத்தில் ஒரு நீலப் படை.

தாளைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் சற்று யோசிப்பார். அடுத்த கேள்வியை அப்போதுதான் கேட்க முடியும்: இதைப் பார்க்கப்போவது யார்? சென்னையில் கூட்ட அறையின் பெரிய திரையில் பார்க்கும் அதிகாரியா? திருப்புவனத்துக்கோ காளையார்கோவிலுக்கோ பக்கத்தில், கரைமேல் நின்றுகொண்டு தன் ஊர்க் கண்மாயைத் தேடும் விவசாயியா? முன்னவருக்கு வேண்டியது மொத்தம். பின்னவருக்கு வேண்டியது ஒரே ஒரு புள்ளி, அதுவும் சரியான இடத்தில். பணம் கொடுப்பவர் பெரும்பாலும் முன்னவராகத்தான் இருப்பார். ஆனாலும் பின்னவரை மனதில் வைத்துத் தொடங்கினால்தான் வரைபடம் உருப்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு கண்மாயைச் சரியாகக் காட்டத் தெரிந்த வரைபடம் மொத்தத்தையும் சரியாகக் காட்டிவிடும். மொத்தத்திலிருந்து தொடங்கிய வரைபடங்கள் ஒற்றைக் கண்மாயிடம் வந்து சேர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

கூகுள் மேப்ஸ் 2005-இல் வந்தது. அதே ஆண்டில் அதன்மேல் தங்கள் புள்ளிகளை வைத்துக்கொள்ள மற்றவர்களுக்கும் வழி திறந்தது. அந்த வழி திறக்கும் முன்பே பால் ராடமேக்கர் என்பவர் அமெரிக்காவில் வாடகை வீட்டு விளம்பரங்களை அந்த வரைபடத்தில் பொருத்திக் காட்டிவிட்டார். அன்றைக்கு ஐம்பது, நூறு புள்ளி என்பதே பெரிய விஷயம். 2011-இல் கீவ் நகரத்துக்காரரான வொலொடிமிர் அகஃபோன்கின் லீஃப்லெட்டை வெளியிட்டார். பத்து வரி எழுதத் தெரிந்த யாரும் வரைபடம் போடலாம் என்ற நிலை வந்தது. எங்களைப் போன்ற சின்ன அலுவலகங்கள் பிழைத்தது அதனால்தான். 2018-இல் கூகுள் கட்டண முறையை மாற்றி, நாளொன்றுக்கு 25,000 முறை இலவசமாகத் திறந்த வரைபடத்தை மாதத்துக்கே சுமார் 28,000 முறை என்று சுருக்கியபோது, தன்னார்வ அமைப்புகளின் வேலையை எடுத்திருந்த பலர் அடிப்படை வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தின் பக்கம் வந்தோம். அதன் சர்வர்கள் நன்கொடையில் ஓடுபவை. அளவுக்கு மீறி இழுத்தால் தடுத்துவிடுவார்கள், தடுப்பதும் நியாயம்தான். ஆகவே வரைபடத்தின் சதுரத் துண்டுகளான டைல்களை நாமே தயாரித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

வேகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது தீர்ந்துபோன பிரச்சினை; ஆனால் தீர்வு தெரியாமல் இன்றும் பலர் தடுமாறுகிறார்கள். லீஃப்லெட்டில் ஒரு மார்க்கர் என்பது பக்கத்தில் ஒட்டப்படும் இரண்டு படங்கள்: பின் ஒன்று, அதன் நிழல் ஒன்று. 39,000 கண்மாய்க்கு 78,000 படங்கள். வரைபடத்தை இழுக்கும்போது பிரவுசர் ஓரளவு தாங்கும். ஜூம் செய்யும்போது அத்தனை படத்துக்கும் புதிதாக இடம் கணக்கிட வேண்டும். பத்தாயிரம் ரூபாய் கைபேசி அங்கேயே நின்றுவிடும். நான் பார்த்த வரையில் சில ஆயிரம் மார்க்கர் வரைதான் அந்த வழி. அதற்குமேல் போனால் மார்க்கர் படத்தை விட்டுவிட்டு, கேன்வாஸ் என்னும் ஒரே பலகையில் சின்ன வட்டங்களாக வரைய வேண்டும். வட்டம் எத்தனை இருந்தாலும் பிரவுசருக்கு அது ஒரே படம்தான். லட்சங்களைத் தொட்டால் வெப்ஜிஎல் வழியாக கிராஃபிக்ஸ் சில்லிடம் வேலையை ஒப்படைத்துவிடலாம்.

வரைவதைவிட நேரத்தைத் தின்பது தரவு வந்து சேர்வது. ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூன்று பைட். 'கண்மாய்' என்ற சொல் கணினிக்கு ஏழு குறிகள், 21 பைட். சில மென்பொருள்கள் தமிழை அப்படியே எழுதாமல் குறியீட்டு எண்ணாக மாற்றி எழுதும். அப்போது அதே சொல் 42 பைட். மாவட்டப் பெயர், வட்டப் பெயர், ஒன்றியப் பெயர் என்று ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப எழுதினால் கோப்பு பத்து மெகாபைட்டைச் சாதாரணமாகத் தாண்டும். பெயர்களைத் தனிப் பட்டியலாக்கி, வரியில் எண்ணை மட்டும் வைத்தாலே பாதி குறையும். அட்சரேகை, தீர்க்கரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து இலக்கம் வரும். அதில் ஐந்தாவது இலக்கமே தரையில் சுமார் ஒரு மீட்டர். அரை கிலோமீட்டர் கரை உள்ள கண்மாய்க்கு நான்கு இலக்கம் தாராளம். மீதியை வெட்டிவிட வேண்டும். அது பைட்டை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இல்லை. பதினைந்து இலக்கத்தைப் பார்க்கிறவர் அந்த இடம் அவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டது என்று நம்பிவிடுவார்.

இனி என் காலம் முழுவதையும் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன்: கைக்கு வரும் பட்டியல்கள்.

பட்டியல் எக்செல்லில் வரும். கண்மாய்ப் பெயர், கிராமம், பாயும் நிலமான ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், கொள்ளளவு எத்தனை மில்லியன் கன அடி, பாசனத்துக்குத் திறக்கும் மடை எத்தனை, உபரி வழியும் கலுங்கு எத்தனை, கடைசியில் லாட்-லாங். ஆயக்கட்டு நிரல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வரியும் சண்டையும் அதை வைத்துத்தான். லாட்-லாங்கைத்தான் நம்ப முடியாது. நல்லவேளையாகத் தமிழ்நாட்டின் அமைப்பே நமக்கு ஒரு காவல். மாநிலம் அட்சரேகையில் ஏறக்குறைய 8 முதல் 13.6 வரை, தீர்க்கரேகையில் 76.2 முதல் 80.4 வரை. இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தொடவே தொடாது. எனவே 14-க்குக் குறைந்த எண் எந்த நிரலில் இருந்தாலும் அதுதான் அட்சரேகை. இந்தக் காவலை மென்பொருளில் எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்றால், சிவகங்கைக்குப் பக்கத்துக் கண்மாய் 9.85, 78.48 என்பதற்குப் பதில் 78.48, 9.85 என்று ஏறி, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் உட்காரும். குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. நாம் அட்சரேகையை முதலில் சொல்வோம், லீஃப்லெட்டும் அப்படியே. ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். 2016-இல் வந்த அதன் தர வரையறையும் அதையே உறுதி செய்துவிட்டது. வெற்றுக் கட்டங்கள் பூஜ்ஜியமாகி, பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழுவது தனி. உலகத்துத் தொலைந்த புள்ளிகள் எல்லாம் சேரும் இடம் அது.

இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். மாநிலத்துக்குள்ளேயே விழும் பிழைதான் ஆபத்து. பழைய பதிவேட்டில் 9 பாகை 50 கலை என்று இருப்பதை யாரோ 9.50 என்று தட்டியிருப்பார்கள். பாகைக்கு அறுபது கலை; 50 கலை என்றால் 0.83. கண்மாய் 37 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, வேறொரு ஊரின் வயலில் சமர்த்தாக நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிரல் முழுவதும் தசமப் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்றில்கூட 60-க்கு மேல் வரவில்லை என்றால் அது தசமம் கிடையாது, கலை.

அடுத்தது ஊர்ப் பெயரைக் கொடுத்து இடத்தைத் தேடும் வழி. பட்டியலில் லாட்-லாங்கே இல்லாதபோது எல்லாரும் அதில்தான் போய் விழுகிறார்கள். நம் மாநிலத்தில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர், எத்தனை ஆலங்குளம்! கண்மாய்ப் பெயர்கள் இன்னும் மோசம். வைகை போய்ச் சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் பெரிய கண்மாய்தான். ஐம்பது ஏக்கர் பாயும் கிராமத்துக் கண்மாயும் அந்த ஊருக்குப் பெரிய கண்மாய்தான். தேடும் மென்பொருளுக்கு ஊர் அகப்படாவிட்டால் "தெரியவில்லை" என்று சொல்லாது. வட்டத் தலைநகரின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் மாவட்டத்தின் நடு. இப்படிப் பேருந்து நிலையத்தின்மேல் இருநூறு கண்மாய் குவிந்திருக்கும் வரைபடங்களை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை ஒன்று சாட்சி. இணைய முகவரிகளுக்கு இருப்பிடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், "அமெரிக்காவில் எங்கோ" என்று மட்டும் தெரிந்த முகவரிகளுக்கு நாட்டின் நடுவாக 38, -97 என்று ஒரு முழு எண் இடத்தைக் கொடுத்து வைத்திருந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு புள்ளியில் விழுந்தன. புள்ளி விழுந்த இடத்தில் ஒரு வீடு இருந்தது. திருட்டுப்போன கைபேசியைத் தேடியும், மோசடிக்காரரைத் தேடியும், போலீஸும் பொதுமக்களும் வருஷக்கணக்கில் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள். 2016-இல் காஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் எழுதிய பிறகுதான் அந்தப் புள்ளி நகர்த்தப்பட்டது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான். எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று ஒரு நிரல் உண்டு: நேரில் அளந்தது, செயற்கைக்கோள் படத்தில் பார்த்து வைத்தது, ஊர்ப் பெயரை வைத்துத் தேடியது. மூன்றாவது வகை வரைபடத்தில் ஏறாது. பட்டியலில் மட்டும் "இடம் உறுதியாகவில்லை" என்ற குறிப்போடு நிற்கும். வேலை கொடுப்பவர்கள் எண்ணிக்கை குறைகிறது என்று முகம் சுளிப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கிப் போவதில்லை.

சரியான லாட்-லாங் கிடைத்த பிறகும் கேள்வி தீராது. கண்மாய் ஒரு பரப்பு. அதற்கு ஒரு புள்ளி வைக்க வேண்டுமானால் எங்கே வைப்பது?

மென்பொருளைக் கேட்டால் பரப்பின் நடுப்புள்ளியைத் தரும். வட்டமான குளத்துக்கு அது சரி. நம் கண்மாய்கள் வட்டம் கிடையாது. சரிவுக்குக் குறுக்கே வில்போல வளைந்த கரை, அதை ஒட்டி நீளும் நீர்ப்பரப்பு, இரண்டு முனையும் மேட்டுப் பக்கம் வளைந்து ஏறும். பிறை வடிவத்துக்கு நடுப்புள்ளி கணக்கிட்டால் அது பிறைக்கு வெளியே விழும். கண்மாயில் அது மேட்டுப்பக்கத்துக் காய்ந்த நிலத்தில் விழுகிறது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கரையில், மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியாக இருந்த பெரியவரிடம் கைபேசியை நீட்டினேன். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தப் புள்ளியில போயி நின்னா கண்மாய் எங்க தெரியும்? கருவேலந்தான் தெரியும்."

"அப்ப எங்கய்யா வைக்கலாம்?"

"நடு மடையில வைங்க. ஊர்லருந்து வர்ற பாதை அங்கதான ஏறுது. யாரு வந்தாலும் அங்கதான் வந்து நிப்பாங்க."

பரப்புக்குள் விழும்படி புள்ளியைக் கணக்கிடும் உத்திகள் உண்டு. கரையோரங்களிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் உட்புள்ளியைத் தேடித் தரும் ஒரு நிரலை அகஃபோன்கினே எழுதியிருக்கிறார். பெயர் எழுத அது அருமையான இடம்; நாங்களும் பெயரை அங்கேதான் எழுதுகிறோம். ஆனால் அந்த இடம் தண்ணீருக்கு நடுவில். "வழி காட்டு" பொத்தானை அழுத்தினால் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலைக்கு அழைத்துப் போகும். பல கண்மாய்களில் அது கரைக்கு எதிர்ப்புறம், வழியே இல்லாத பக்கம். பெரியவர் சொன்னதில் மக்கள் புழங்கும் இடம் என்ற ஒரு தெளிவு இருந்தது. அதிலிருந்து எங்கள் வேலையில் மார்க்கர் என்றால், ஊர்ப்பாதை கரையில் ஏறும் இடம், முடிந்தவரை முதன்மை மடைக்குப் பக்கத்தில். நீர்ப்பரப்பு தனியாக, வடிவமாக வரும். கண்மாய்களை நேரில் போய்ப் பதியும் தொண்டர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறோம்: வண்டி நிறுத்திய இடத்தில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், மடைமேல் நின்று எடுங்கள்.

இந்த முறைக்கும் அடங்காத கண்மாய்கள் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை அந்தப் பக்கத்தில் "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். கரை கிலோமீட்டர் கணக்கில் நீளும். ஒவ்வொரு மடைக்கும் ஒரு பாசனப் பகுதி. அந்தக் கண்மாய்க்கு ஒரே மார்க்கர் வைப்பதில் யாருக்கும் பயனில்லை. அங்கே கரையைக் கோடாக வரைந்து, போதுமான அளவு ஜூம் ஏறியதும் மடைகளைத் தனித்தனியாகக் காட்ட வேண்டியிருக்கிறது. சில பதிவேடுகளில் ஒரு கண்மாயின் எல்லா மடைக்கும் ஒரே லாட்-லாங் இருக்கும். வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒன்று மட்டும் தெரியும். இது பழைய சிக்கல். 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் பரவிய காலராவை வைத்து மருத்துவர் ஜான் ஸ்நோ வரைந்த வரைபடத்திலும் ஒரே வீட்டில் பல சாவுகள். அவர் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கறுப்புக் கட்டை வரைந்து, வீட்டு வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ப்ராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி அடுக்குகள் உயர்ந்து நின்றன. இன்றைய நிரலகங்கள் அப்படிப் புள்ளிகள் மோதும்போது சிலந்திக் கால்போல விரித்துக் காட்டும். பார்க்க அழகுதான். எனக்கென்னவோ ஸ்நோவின் அடுக்கே பிடித்திருக்கிறது. தொடாமலே எண்ணிக்கை தெரிகிறது.

அடுத்தது க்ளஸ்டர். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒரு வட்டமாக்கி, மேலே எண்ணிக்கை போடுவது. இதற்கென அகஃபோன்கின் 2016-இல் வெளியிட்ட சூப்பர்க்ளஸ்டர் அருமையான வேலை. மிக நெருக்கமான ஜூமிலிருந்து தொடங்கி, புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து மேலே ஏறி, ஒவ்வொரு ஜூமுக்கும் தொகுப்பை முன்கூட்டியே கட்டி வைத்துவிடும். லட்சக்கணக்கான புள்ளிகளும் கைபேசியில் வழுக்கிக்கொண்டு ஓடும். உணவகம், ஏடிஎம், பெட்ரோல் பங்க் என்றால் நான் யோசிக்காமல் அதைத்தான் போடுவேன்.

கண்மாய்க்கு அது ஒத்துவராது. க்ளஸ்டர் கேட்பது ஒன்றுதான்: திரையில் எத்தனை பிக்சல் தூரம்? லீஃப்லெட்டின் க்ளஸ்டர் நிரலகத்தில் வழக்கமான ஆரம் 80 பிக்சல். ஜூம் 7-இல் அது தரையில் 96 கிலோமீட்டர். மதுரையில் மையம் கொண்ட ஒரு வட்டம் திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, காரைக்குடி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வைகைப் படுகையும் குண்டாற்றுப் படுகையும் ஒரே எண்ணாக நிற்கும். கண்மாய்கள் தனித்தனி ஆட்கள் கிடையாது. மேலக் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே கீழக் கண்மாய்க்குத் தண்ணீர் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. இப்படிச் சங்கிலியாக ஓடி ஆற்றிலோ கடலிலோ முடியும். ஐந்நூறு மீட்டர் தூரத்தில் இரண்டு கண்மாய் இருக்கும். இரண்டும் வேறு வேறு சங்கிலி, ஒன்றின் சொட்டுத் தண்ணீர் மற்றதற்குப் போகாது. எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஊர், கலுங்கின் உயரத்தை வைத்துத் தலைமுறையாக வழக்காடிக்கொண்டிருக்கும். பிக்சல் தூரத்துக்கு இது எதுவும் தெரியாது.

எனவே எங்கள் வரைபடங்களில் புள்ளிகளைத் தொகுப்பது சங்கிலி வாரியாக. மாநில அளவில் நிற்கும்போது புள்ளியே கிடையாது; 300-க்கும் மேற்பட்ட தாலுகாக்களை ஆயக்கட்டின் அளவுக்கேற்ப நிற அடர்த்தியில் காட்டினால் போதும். ஜூம் 10 வாக்கில் சங்கிலிகள் கோடுகளாக வரும், அவற்றில் பெரிய கண்மாய்கள் மட்டும். எது பெரியது என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறைப் பொறுப்பு (முன்பு பொதுப்பணித் துறை), அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று நிர்வாகத்திலேயே ஒரு கோடு உண்டு. அதையே எடுத்துக்கொண்டோம். மதகு உடைந்தால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதும் அந்தக் கோட்டிலேயே இருப்பதால் மக்களுக்கும் அது பழகிய பிரிவு. ஜூம் 12-இல் ஒரு பிக்சல் ஏறக்குறைய 38 மீட்டர். அப்போது ஒன்றியக் கண்மாய்கள் வரும். மடையும் கலுங்கும் 15-இல். சங்கிலி எது என்பதைச் செயற்கைக்கோள் படமோ உயர வரைபடமோ முழுதாகச் சொல்லாது. வாய்க்கால்களை வழிமாற்றியிருப்பார்கள், தூர்ந்திருக்கும். கடைசியில் ஊர்க்காரர்களிடம்தான் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. ஆளும் நாளும் பிடிக்கும் வேலை அது. மென்பொருள் வாங்கும் பணத்தை இதற்குச் செலவழியுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கரைமேல் நிற்பவருக்காகச் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளும் இருக்கின்றன. உச்சி வெயிலில் வெளிர் நீலம் கண்ணுக்கே தெரியாது. வட்டத்துக்குக் கறுப்பு விளிம்பு வேண்டும். எட்டுப் பிக்சல் வட்டத்தை மண்வெட்டி பிடித்த விரலால் தொட முடியாது; வட்டம் சின்னதாகவே இருக்கட்டும், தொடும் பரப்பைச் சுற்றிலும் கூட்டி வைத்துவிடலாம். சிக்னல் போனாலும் கடைசியாகப் பார்த்த தாலுகாவின் தரவு கைபேசியிலேயே தங்க வேண்டும். தேடுபெட்டியில் "பெரிய கண்மாய்" என்று தட்டினால் அவர் நிற்கும் இடத்துக்கு அருகில் உள்ளது முதலில் வர வேண்டும், பக்கத்திலேயே கிராமப் பெயரும் ஒன்றியப் பெயரும்.

இல்லாமல் போன நீர்நிலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் பெயர் இருக்கும். அந்த இடத்துக்குப் போனால் குடியிருப்பும் கல்லூரியும் பேருந்து நிலையமும் இருக்கும். சென்னையில் தி. நகர் எழுந்தது 1920-களில் வற்றவைக்கப்பட்ட நெடிய மாம்பலம் ஏரியின் படுகையில். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்த்த தெருவுக்கு லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஒரு பணியில், இப்படிப்பட்டவற்றை நீக்கிவிட்டு "நடப்பில் உள்ளவை" மட்டும் வைத்தால் போதும் என்று எழுத்திலேயே கேட்டார்கள். பட்டியல் சுத்தமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். நான் ஒப்பவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் எங்கெல்லாம் தேங்கி நின்றது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மழைக்குப் பழைய படுகை மறப்பதில்லை. சங்கிலியில் ஒரு கண்மாயை அழித்துவிட்டால், மேலே இருக்கும் கண்மாயின் உபரி எங்கே போகிறது என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதிலே இருக்காது.

பேச்சுவார்த்தையில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இல்லாமல் போனவை உள்ளீடற்ற வளையமாக வரும். எண்ணிக்கையில் சேராது, ஆயக்கட்டுக் கூட்டலிலும் சேராது. தொட்டால் பதிவேட்டில் உள்ள பெயர், கிராமம், எந்த ஆண்டுப் பதிவேடு என்ற விவரம், இன்று அங்கே என்ன இருக்கிறது என்ற ஒரு வரி. சங்கிலிக் கோடு அதன் ஊடாகவே போகும், துண்டிக்கப்படாமல். வீட்டு மனை வாங்குவதற்கு முன் அந்த வளையங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் எழுதிக் கேட்பதால் வளையம் எத்தனை ஜூமில் தோன்ற வேண்டும் என்பதை 12-இலிருந்து 10-க்கு இறக்கியிருக்கிறோம்.